சாவி கேக்கு

வாரும் மருமகனே, உக்காரும். கட்சியில பெரிய பொறுப்பு கெடச்சிருக்காமே! வெத்திலையைப் போடும். நாலு யோசனை சொல்லுதேன், பிழைச்சுக்கிடும்.

திருட்டு யாவாரத்தை உள்ளூர்ல வச்சுக்கிடாதேயும். ஆத்து மணல் ரெண்டு வண்டி அள்ளுனா தலையாரி வந்து நிப்பான். அதையே வெளிநாட்டுல பண்ணுனா ராஜதந்திரம். அமெரிக்காவுல அதிபர் ரீகன் ஆளுக காட்டுன வழி இது. நிகரகுவா அரசாங்கத்தை எதிர்த்த கான்ட்ரா படைக்குக் காசு கொடுக்க ஆசை. கூடாதுன்னு 1984-ல அந்த ஊரு நாடாளுமன்றம் சட்டம் போட்டுருச்சு. விடுவாவளா? ஈரானுக்கு ரகசியமா ஏவுகணை வித்து, லெபனான்ல மாட்டுன அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீக்கவும் பாத்தாவ, லாபத்தைக் கான்ட்ராவுக்கும் தள்ளுனாவ. 'ஈரானுக்கு யாரும் ஆயுதம் விக்காதீங்க'ன்னு மத்த நாடுகளுக்குப் புத்தி சொல்லிக்கிட்டிருந்ததும் இவுகதான்.

1986 மே மாசம் ரீகனோட பழைய பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன் கோஷ்டி ரகசியமா டெஹ்ரான் போச்சு. கையில சாவி வடிவத்துல ஒரு கேக்கு! போன நேரம் ரம்ஜான் நோன்பு. கேக்கு காவல்காரங்க வயித்துக்குப் போச்சு, ஒரு கைதியும் கூட வரலை. பலகாரம் கொண்டுபோறதுக்கு முன்னால நாளு கிழமை பாரும்வேய்.

கான்ட்ராவுக்குன்னு புருனேகிட்ட 1 கோடி டாலர் கேட்டாவ. அவுகளும் அனுப்புனாவ. சுவிஸ் கணக்கு நம்பர்ல ரெண்டு எண்ணு இடம் மாறி, பணம் யாரோ ஒருத்தர் கணக்குல போய் விழுந்துது. உம்ம அத்தை நகைக்கடன் ரசீதை மூணு தரம் எழுத்துக்கூட்டிப் பாப்பா. வெள்ளை மாளிகையில அதுக்கு ஆளில்லை.

1986 நவம்பர்ல ஒரு லெபனான் பத்திரிகை குட்டை உடைச்சுது. வெள்ளை மாளிகையில இந்த யாவாரத்தை நடத்துன ஆலிவர் நார்த் ஆபீசுல காகிதத்தைக் கிழிச்சுக் கிழிச்சு மிசினே மூச்சுமுட்டி நின்னுருச்சு. மிச்சத்தைச் செயலாளர் பொண்ணு பூட்ஸுக்குள்ள திணிச்சு வெளிய கொண்டுபோச்சு.

ஆயுதம் கொடுத்து ஆளை மீக்கலைன்னு டிவியில அடிச்சுச் சொன்ன ரீகன், 1987 மார்ச்சுல திரும்ப வந்து, மனசு இன்னும் இல்லைன்னுதான் சொல்லுது, ஆதாரம்தான் ஆமாங்குதுன்னாரு. மனப்பாடம் பண்ணிக்கிடும்! பம்ப்செட் மோட்டாரைத் தூக்குன பயலுக்கு இப்படிச் சொல்லத் தெரியலை, பாளையங்கோட்டை ஜெயில்ல கெடக்கான்.

டைரி மட்டும் எழுதாதேயும். ரீகனோட பாதுகாப்பு மந்திரியா இருந்த வெய்ன்பர்கர் கைப்பட எழுதுன குறிப்பை மறைச்சாருன்னு வழக்காச்சு. எழுதியே தீருவேன்னா, நாற்காலியில நம்ம ஆளு இருக்காரான்னு பாத்துக்கிடும். 1992 டிசம்பர் 24, விசாரணைக்கு ரெண்டு வாரம்கூட இல்லை. ஆயுதம் வித்த காலத்துல ரீகனோட துணை அதிபரா இருந்த புஷ்தான் அப்ப அதிபரு. வெய்ன்பர்கரோட சேத்து 6 பேரை மன்னிச்சு விட்டாரு. மறுநாள் கிறிஸ்துமஸ். கேக்கு இந்தத் தடவை போகவேண்டிய வாய்க்குப் போச்சு.

என்ன, எந்திரிச்சிட்டீரு? இரும். என் சுண்ணாம்பு டப்பா உம்ம பையில இருக்கு. மனசு இல்லைன்னுதான் சொல்லும், எடும்வேய்.