பத்து நிமிஷம் ஃபாஸ்ட்

என் மச்சினன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை அவன் அக்காவும் படிப்பாள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவன் செய்த காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் காபி கொடுக்காமல் அனுப்பியிருப்பேன். ஹாலுக்குள் வந்தான். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான், செல்போனைப் பார்த்தான், மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தான். "என்ன மாமா, கரெக்ட் டைம் வெச்சிருக்கீங்க?" என்றான். நான் உள்ளே போய்க் காபி சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள், கடிகாரத்தின் முதுகுப்பக்கக் குமிழைத் திருகி முள்ளைப் பத்து நிமிஷம் முன்னே தள்ளிவிட்டிருந்தான். உதவி செய்த முகம் வேறு.

அந்த முள்ளைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்? கடிகாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய கிரைண்டர் மோட்டாருக்கும் சாவி இல்லாத சூட்கேஸுக்கும் நடுவில் கிடந்தது. ஸ்மித்ஸ் செக்ட்ரிக். லண்டன் கிரிக்கிள்வுட்டில் இருந்த கம்பெனி 1931ல் கொண்டுவந்த வரிசை. வெள்ளைக்காரர்கள் குளிர்காயும் அடுப்புக்கு மேலே மாடத்தில் வைத்துக்கொள்ளச் செய்தது; எங்கள் வீட்டில் வேறு இடமில்லாமல் ஃப்ரிட்ஜ் மேல் ஏறியிருக்கிறது. வால்நட் மரத் தகடு ஓரங்களில் உரிந்திருந்தது. முன்பக்கம் கண்ணாடி இல்லை. வயரின் ரப்பர் தொட்டாலே உதிர்ந்தது. "ஓடும் சார்" என்றார் கடைக்காரர். சந்தையில் பிளக் பாயிண்ட் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ரிப்பேர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனால், மூடியைக் கழற்றக்கூட இல்லை. "இதெல்லாம் எடுத்துப் போட்டுட்டு பேட்டரி மெஷின் ஒண்ணு போட்டுக்குங்க சார், ஆயுசுக்கும் தொந்தரவு இல்ல." அடுத்த கடையிலும் அதேதான். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனும் அதையே சொன்னார். செட்டிநாட்டு வீட்டை இடித்துத் தூணை மட்டும் வாங்கிவந்து ஃபிளாட் வரவேற்பறையில் நிறுத்துகிற காலம் இது. முகம் பழசாக இருந்தால் போதும், வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே பிரித்தேன்.

பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காயில், ஒரு சுழலி, சில பித்தளைப் பல்சக்கரங்கள். வில்லும் இல்லை, பெண்டுலமும் இல்லை. வயரை மாற்றினேன். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் காயிலில் வைத்தபோது முள் அசைந்தது, காயில் அறுபடவில்லை. காயில் போயிருந்தால் வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டியதுதான். மிச்சமிருந்தது பிசின் போல் இறுகிக் கிடந்த பழைய எண்ணெய். பெட்ரோல் விட்டுத் துடைத்து எடுத்தேன். இந்தக் கடிகாரங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த எண்ணெயால்தான். அதனால் என்ன எண்ணெய் போட வேண்டும் என்பதுதான் முக்கியம். தையல் மெஷின் எண்ணெய் என்றார் ஒருவர், தேங்காய் எண்ணெய் என்றார் மாமியார். இரண்டும் இல்லை. எது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தப் பத்து நிமிஷ விஷயத்தைப் பேசித் தீர்த்துவிடலாம்.

உங்கள் வீட்டிலும் உண்டு, மறைக்க வேண்டாம். எங்கள் வீட்டு ஹால் சுவரில் மாட்டியிருப்பது பத்து நிமிஷம் ஃபாஸ்ட், சமையலறையில் ஐந்து, படுக்கையறை அலாரம் பதினைந்து. படுக்கையிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போனால் பத்து நிமிஷம் மிச்சம். அங்கிருந்து ஹாலுக்கு வந்தால் ஐந்து நிமிஷம் போச்சு. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்க்கும்போதுதான் எந்த தேசத்தில் இருக்கிறோம் என்று தெரியும்.

சீக்கிரம் கிளம்பத்தான் இந்த ஏற்பாடாம். ஃபாஸ்ட் என்று தெரிந்த கடிகாரத்தைப் பார்த்து எவன் சீக்கிரம் கிளம்புவான்? "எட்டரை ஆச்சு" என்பாள் மனைவி. "பத்து நிமிஷம் ஃபாஸ்ட்தானேம்மா" என்பான் மகன். "கழிச்சுட்டுதான்டா சொல்றேன்" என்பாள். அவன் அதிலிருந்தும் பத்தைக் கழித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போவான். கழித்துச் சொல்கிறாளா, கழிக்காமல் சொல்கிறாளா என்ற குழப்பத்தில் மாமியார் பொதுவாக ஐந்தைக் கழித்து வைத்துக்கொள்வார். நாளடைவில் பத்து நிமிஷம் எல்லோருக்கும் பழகி உறைக்காமல் போகும். யாரோ ஒருவர், யார் என்று இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை, பன்னிரண்டாக்குவார். அதைத் தெரியாமல் இன்னொருவர் பதினைந்தாக்குவார். டிவியில் சீரியல் லேட்டாகப் போடுகிறான் என்று புகார் கிளம்பும்போதுதான் கடிகாரம் எங்கே போய் நிற்கிறது என்று தெரியவரும். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது கடிகாரத்தை இறக்கிப் புது பேட்டரி போட்டு, யாராவது மறதியாகச் சரியான நேரத்தை வைத்துவிடுவார்கள். அந்த வாரம் முழுக்க வீடே லேட். சரியான நேரத்திலிருந்து ஆளாளுக்குப் பத்தைக் கழித்துக்கொண்டிருப்பார்கள்.

ராகு காலத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குச் செல்போன்தான். ஆனால் நான் சந்தைக்குப் போன அன்று மட்டும் மாமியார் செல்போனைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். நான் படியிறங்கும்போது ஹால் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. உண்மையில் பத்து இருபத்தைந்து. வாங்கிவந்த கடிகாரம் ஓடாததற்கு நான் ராகு காலத்தில் கிளம்பியதே காரணம் என்று தீர்ப்பாகிவிட்டது. காயில், எண்ணெய், ரப்பர் எதுவும் எடுபடவில்லை. அப்பீலும் இல்லை.

எண்ணெய்க்கு வருகிறேன். அதற்கு முன், இந்தக் கடிகாரத்துக்குச் சொந்தமாக நேரம் கிடையாது என்பதைச் சொல்லியாக வேண்டும். கரண்ட் நொடிக்கு 50 தடவை திசை மாறித் திரும்புகிறதே, அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுழலி சுற்றுகிறது. நேரம் பவர் ஹவுஸிலிருந்து வயர் வழியாக வருகிறது. அமெரிக்காவில் ஹென்றி வாரன் என்பவர் இப்படிக் கடிகாரம் செய்தபோது அது சரியாக ஓடவில்லை. தப்பு கடிகாரத்தில் இல்லை, கம்பெனி அனுப்பிய கரண்டில். மனிதர் விடவில்லை. இரண்டு முள் வைத்து ஒரு தாய்க் கடிகாரம் செய்து, 1916ல் பாஸ்டன் எடிசன் நிலையத்திலேயே கொண்டுபோய் வைத்தார். ஒரு முள்ளைப் பெண்டுலம் ஓட்டும், இன்னொன்றைக் கம்பெனியின் கரண்ட் ஓட்டும். இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்வது கம்பெனிக்காரன் பொறுப்பு. மச்சினனுக்கும் இப்படி ஒன்று செய்து கொடுத்தால் தேவலை.

நம் கிரிட்டின் கதை வேறு. நொடிக்கு 50 என்றேனே, அதற்கு 2000களின் தொடக்கத்தில் அனுமதித்த எல்லையே 49.0 முதல் 50.5 வரை. நாள் முழுக்க 49ல் ஓடினால் இந்தக் கடிகாரம் கிட்டத்தட்ட 29 நிமிஷம் பின்தங்கும். அந்தக் காலத்தில் பத்து நிமிஷம் ஃபாஸ்ட் வைத்தவனை மன்னிக்கலாம். இப்போது எல்லை 49.90 முதல் 50.05 வரை. 2013 டிசம்பர் 31 அன்று தெற்கும் மற்ற இந்தியாவோடு சேர்ந்து ஒரே கிரிட் ஆனது. அன்றிலிருந்து காஷ்மீரில் ஹீட்டர் போட்டாலும் என் முள் லேசாகத் தயங்கும். 49.90லேயே நின்றால் நாளுக்கு 2 நிமிஷம் 53 நொடி நஷ்டம். அப்படி நின்றால் மச்சினன் கூட்டிய பத்து நிமிஷத்தை மூன்றரை நாளில் கிரிட்டே கழித்துவிடும். ஐரோப்பாக்காரனும் இதில் யோக்கியன் இல்லை. 2018ல் கொசோவோவும் செர்பியாவும் கரண்டுக்குச் சண்டை போட்டதில், பல நாடுகளில் அடுப்படிக் கடிகாரங்கள் ஆறு நிமிஷம் வரை பின்தங்கின. பத்து நிமிஷம் ஃபாஸ்ட் வைக்க அங்கே மச்சினன்கள் இல்லை போலிருக்கிறது.

கரண்ட் போனால் என் கடிகாரம் அப்படியே நின்றுவிடும். வந்தாலும் தானாக ஓடாது. குமிழைச் சுண்டிவிட வேண்டும். "இது என்ன மாமா, ஓட்டை?" என்றான் மச்சினன். ஓட்டை இல்லை. தானாக ஓடத் தொடங்கும் கடிகாரம், கரண்ட் போன நேரத்தை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தப்பான நேரம் காட்டும். வாரனின் டெலிக்ரான் கடிகாரங்களில் அதற்காகவே முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு தெரியும்படி வைத்தார்கள். என்னுடையதற்குப் பொட்டு வேண்டாம். ஷட்டவுன் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை எங்கள் தெருவில் நிமிஷ சுத்தமாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். முன்பக்கக் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லை. நடுவில் உப்பிய வட்டக் கண்ணாடி, ஐந்தேகால் அங்குலக் குறுக்களவு. பேட்டரி மெஷின் போட்டுவிட்டுப் பழைய கடிகாரத்தின் மிச்சத்தைப் பரணில் போட்டிருப்பவர்கள் கண்ணாடியையாவது எனக்குக் கொடுங்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். ஓரத்தில் கீறல் இருந்தாலும் பரவாயில்லை.