வெயில் தூக்கும் பருந்து

கேள்வி: எங்கள் கரிசல் காட்டுக்கு மேலே பருந்து இறக்கையே அடிக்காமல் வட்டமிடுகிறதே, கீழே விழாதா?
– வாசகர், திருச்சுழி

பதில்: விழுந்துகொண்டேதான் இருக்கிறது! அது இறங்குவதைவிட வேகமாகக் காற்று மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். வெயிலில் கரிசல் மண் கொதிக்க, அதையொட்டிய காற்று சூடாகி, லேசாகி, தூண் போல எழும்பும். அந்தத் தூணை விட்டு விலகாமலிருக்கத்தான் வட்டம். உயரம் போனதும் சறுக்கிச் சென்று அடுத்த தூணைப் பிடிக்கும். தென் அமெரிக்காவின் காண்டர் கழுகு ஒன்று 5 மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர் தூரம் இறக்கை அடிக்காமல் பறந்ததை 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்கள் ஊர் வெயிலைத் திட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். நம்மை வாட்டுகிற அதே வெயில்தான் பருந்தைத் தூக்கிப் பிடிக்கிறது.