மலிவுக்குப் பஞ்சமில்லை

கலிபோர்னியாவில் வீடு தேடுபவரைத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுத்தான் விலையைச் சொல்ல வேண்டும். அதற்காக மலிவே இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியுமா? மளிகைக்கு விற்பனை வரி கிடையாது. சாண்ட்விச்சை ஆறினபடியே பொட்டலம் கட்டிக்கொண்டு போனால் பெரும்பாலும் வரியில்லை. சூடாக்கித் தரச் சொன்னால் உண்டு. (அடுப்புக்குக் கப்பம்!)

ஆனால் மலிவுக்கெல்லாம் மலிவு, 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு. வீடு கைமாறாதவரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது; கைமாறினால் புது விலைதான் கணக்கு. அன்று வாங்கிய தாத்தா கட்டுவது சொற்பம். அதே அளவு பக்கத்து வீட்டைப் போன மாதம் வாங்கிய பையன் பல மடங்கு கட்டுகிறான். தெருவிளக்கு இருவருக்கும் ஒன்றுதான். அவனுக்கும் வழி இருக்கிறது: தாத்தாவோடு சேர்ந்து அப்போதே வாங்கியிருக்கலாம்.