கிலோமீட்டர்ப் படிச் செயலிகளின் அளவை இயல்

களப்பணியாளர் வேலை நிமித்தம் சொந்த வண்டியில் ஓடிய தூரத்தைக் கணக்கிட்டு, அதற்குரிய தொகையை நிறுவனத்திடமிருந்து பெற்றுத் தரும் மென்பொருள் கிலோமீட்டர்ப் படிச் செயலி எனப்படும். அது பிறப்பதற்கு முன் இந்தப் பணியை டி.ஏ. பில் என்னும் பயணப்படித் தாளும், ஸ்டாண்டர்ட் ஃபேர் சார்ட் என்னும் இன்னொரு தாளும், மாதக் கடைசி இரவும் சேர்ந்து செய்துவந்தன. இத்துறையின் மூத்த குடிகள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளாகிய ரெப்புகள். 1976-இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களின் பணி நிபந்தனைகளுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது என்பதிலிருந்து அவர்களின் தொன்மை விளங்கும். ஆகவே தமிழ்நாட்டு ரெப்பும் அவருடைய பைக்குமே இங்கு ஆய்வுப் பொருள். காரில் வரும் மேலாளர் தேவைப்படும் இடத்தில் மட்டும் தோன்றுவார்.

இத்தகைய செயலிகளை விற்க வருவோர் துல்லியம், வேகம், அழகிய டேஷ்போர்டு என்று பல குணங்களை அடுக்குவர். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: ஒருவர் ஒரு ஊருக்குப் போனார் என்பதை, போகாத இன்னொருவர் எதைக் கொண்டு அறிவது? இது கணக்குப் பிரிவுக்குப் புதிய கேள்வி. தமிழுக்குப் பழைய கேள்வி. அருள்நந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், அறிவைத் தரும் அளவைகளைப் பத்து வரை எண்ணி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. பெட்ரோலைப் பற்றி அந்நூல் மௌனம் சாதிக்கிறது என்பது உண்மையே. எனினும் சந்தையில் இருக்கும் எந்தச் செயலியும் இந்த மூன்றைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை.

காட்சி அளவைக்குச் செயலி நம்பியிருப்பது ஜி.பி.எஸ். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் வட்டத்துக்குள் தன் இடத்தைச் சொல்லிவிடும். ரெப்பின் வாழ்வில் பெரும்பகுதி திறந்த வானத்தின் கீழ் கழிவதில்லை. மருத்துவமனையின் கான்கிரீட் கூரைக்குக் கீழே, டாக்டரின் அறைக்கு வெளியே, நோயாளிகள் எல்லாரும் போன பிறகு வரப்போகும் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருப்பதில் கழிகிறது. அங்கே சமிக்ஞை சுவரில் மோதித் திரும்புவதால் புள்ளி அலையத் தொடங்கும்: ஒரு கணம் மருந்துக்கடையில், அடுத்த கணம் எதிர்த்த டீக்கடையில், பிறகு தெருமுனையில். சுமாரான செயலி இந்த அலைச்சலை எல்லாம் பயணமாகக் கூட்டிக்கொள்ளும். ரெப் நாற்காலியை விட்டு அசையாமலே தூரம் சேரும். மிக நீண்ட நேரம் காக்கவைக்கும் டாக்டரே மிக அதிகமான கிலோமீட்டரைத் தருவார் என்பதால், இதைக் காத்திருப்புப் படி என்று பெயரிட்டு அங்கீகரிப்பதே நியாயம் எனத் தோன்றக்கூடும். ஆனால் நல்ல செயலி வேகத்தைப் பார்த்து, நகராதவரை நகராதவர் என்றே கொள்ளும்.

இதற்கு நேர்மாறான பிழை மலையில் நிகழ்கிறது. பேட்டரி தீராமலிருக்கப் பல செயலிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறித்துக்கொண்டு, புள்ளிகளுக்கிடையே நேர்க்கோடு போடுகின்றன. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஐந்து நிமிடத்தில் இரண்டரை கி.மீ. கடந்துவிடும். சமவெளியில் இதனால் பெரிய நட்டமில்லை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ரெப் ஒவ்வொன்றாகத் திரும்பி ஏறியிருப்பார். செயலி அவரைப் பாறை மேல் செங்குத்தாக ஏற்றியிருக்கும். ஒரு செயலியை வாங்கும் முன் அதைக் கொல்லிமலைக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது, விற்பனையாளர் தரும் எந்த அறிக்கையையும் விடப் பயனுள்ளது. செயலி காட்டும் தூரத்தையும் வண்டி மீட்டர் காட்டும் தூரத்தையும் ஒப்பிட்டால் போதும்.

காட்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. செயலி கண்டது கைப்பேசியை, ஆளை அன்று. சேலத்தில் தூங்கும் ஒருவரின் கைப்பேசியை ஏற்காட்டில் இருப்பதாக நம்பவைக்கும் போலி இட மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. செயலி இவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் அதே வழியில் போகும் வேறு கம்பெனி நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்தனுப்பும் பழைய உத்திக்கு எளிதான தொழில்நுட்ப விடை இல்லை. மேலாளரும் ரெப்பும் சேர்ந்து களத்துக்குப் போகும் ஜாயிண்ட் ஒர்க் நாள்கள் தனியாக ஆராயத் தக்கவை. அன்று மேலாளர் காரை விட்டுவிட்டு ரெப்பின் பைக்கில் பின்னால் அமர்ந்து வருவார். இருவர் பையிலும் கைப்பேசி. ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே நேரம். பெட்ரோல் மட்டும் ஒருவருடையது. மாதக் கடைசியில் இரு பில்கள் வரும். இப்படி இரட்டையாக நகர்ந்த புள்ளிகளைக் கண்டு கேள்வி கேட்கும் செயலி அரிது. அதை வாங்கும் முடிவை எடுப்பவர் பெரும்பாலும் மேலாளர் என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

கருதல் அளவையைப் பின்பற்றும் செயலி, ரெப் எங்கிருந்து எங்கே போனார் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு தூரத்தைத் தானே அனுமானிக்கும். சாலை வழியாக அனுமானித்தால் தொல்லை குறைவு. மலிவான செயலிகள் இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேர்க்கோட்டுத் தூரம் போடுகின்றன. அந்தக் கணக்கில் வேதாரண்யத்திலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போகிறவர் பாக் நீரிணை மேலேயே பைக்கை ஓட்டிவிடுவார். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலைப்பாதையில் நடந்தே ஏறலாம்; பைக்கில் போவதென்றால் போடிக்குத் திரும்பிக் கேரளத்துக்குள் சுற்ற வேண்டும். வரைபடத்துக்கு இது தெரிந்தால் தூரம் நீளும், தெரியாவிட்டால் ரெப்பின் பணம் குறையும். சாலை வழிக் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: வரைபடம் பெரும்பாலும் குறுகிய வழியையே காட்டும், பாலம் வேலை நடப்பதும், திருவிழாவுக்குத் தேர் நிற்பதும் பல நேரம் அதன் அறிவுக்கு அப்பாற்பட்டவை.

உரை என்பது நம்பத்தக்கவரின் சொல். சைவர்களுக்கு அது ஆகமம். கணக்குப் பிரிவுக்கு ரெப்பின் சொல். இரண்டுக்கும் ஒரே மதிப்பு தரப்படுவதாகச் சொல்ல முடியாது. சொல்லுக்குத் துணையாகக் காலையிலும் மாலையிலும் வண்டி மீட்டரைப் படமெடுத்து ஏற்றச் சொல்லும் செயலிகள் உண்டு. இது எளிமையான, பெருமளவு நேர்மையான முறை. மீட்டர் கேபிள் அறுந்த பைக்குகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அப்படிப்பட்ட பைக்குகள் களத்தில் எத்தனை ஓடுகின்றன என்பதை எந்த மெக்கானிக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஸ்டாண்டர்ட் ஃபேர் சார்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி ஒப்புக்கொண்ட பட்டியல் அது. எந்த ஊர் அன்றே திரும்ப வேண்டிய எக்ஸ் ஸ்டேஷன், எது இரவு தங்க வேண்டிய அவுட் ஸ்டேஷன் என்பதும் அதிலேயே அடங்கும். அதை அளந்தவர் யார், எந்த வண்டியில், எந்த ஆண்டு என்பது எவருக்கும் தெரியாது. அளவை நூலார் இதைப் பத்தில் ஒன்றாகிய ஐதிகம் என்பர்; இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் வழிவழியாகச் சொல்லிவருவதே அதற்குரிய மரபான எடுத்துக்காட்டு. நான்கு வழிச்சாலை வந்தது, புறவழிச்சாலை வந்தது, பழைய ரயில்வே கேட் மேம்பாலமாகிவிட்டது. சார்ட்டில் உள்ள எண் மாறவில்லை. ஆனாலும் செயலி வந்த பிறகு கம்பெனிகள் சார்ட்டைக் கைவிட்டதாக எண்ணக்கூடாது. பெரும்பாலும் சார்ட்டையே செயலிக்குள் ஏற்றிவிடுகிறார்கள். ஜி.பி.எஸ். வழி முழுவதும் பார்த்துக்கொண்டே வரும்; கடைசியில் பணம் சார்ட்டின்படி வரும். அப்படியானால் ஜி.பி.எஸ். எதற்கு என்று செயலியை வாங்குபவர் கேட்பதில்லை. ரெப் கேட்கிறார், அவர் வாங்குபவர் அல்லர்.

பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருந்தால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வது, அந்தப் பத்தில் இன்னொன்றாகிய பொருள் என்னும் அளவை. மாதம் 1,200 கி.மீ. ஓடியதாகச் சொல்லி 12 லிட்டருக்கு மட்டும் பில் வைப்பவரிடம் இது நன்றாகச் செல்லும். அவருடைய பைக் லிட்டருக்கு 100 கி.மீ. தருகிறது, அல்லது மீதிப் பெட்ரோலைப் பில் இல்லாமல் போட்டார், அல்லது அவ்வளவு ஓடவில்லை. செயலி இந்த மூன்றில் மூன்றாவதையே உடனே தேர்ந்துகொள்ளுமானால் அதற்குத் தருக்கப் பயிற்சி போதாது. ஊர்ப்புறத்தில் பாட்டிலில் ஊற்றிய பெட்ரோலுக்குப் பில் கிடையாது.

தூரத்துக்கு அடுத்தது விகிதம். அமெரிக்க வருமான வரித்துறை ஒரு மைலுக்கு இத்தனை செண்ட் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2025-க்கு அது 70 செண்ட். எரிபொருள் விலை கட்டுமீறிய 2022-இல் ஜூலை முதல் 58.5-லிருந்து 62.5 என்று ஆண்டின் நடுவிலேயே மாற்றியதுண்டு. அங்கே எழுதப்பட்ட செயலிகள் ஆண்டுக்கொரு விகிதம் என்னும் நம்பிக்கையிலேயே கட்டப்பட்டவை. வண்டி என்றால் கார் என்பதும் அவற்றின் நம்பிக்கை. இந்தியாவில் 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் விலை நாள்தோறும் திருத்தப்படத் தக்கது. கம்பெனியின் விகிதமோ சர்க்குலர் வரும்போது மட்டும் மாறும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பைக்கின் மைலேஜ் 45 என்று வைத்தால் கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மட்டும் 2 ரூபாய் 22 காசு. கம்பெனி 3 ரூபாய் தந்தால் மீதமுள்ள 78 காசில் டயரும் செயின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் ஷூவும் ஆயில் மாற்றமும் இன்ஷூரன்சும் ஓட வேண்டும். பெட்ரோல் விலை ஏறும்போது முதலில் கரைவது இந்தக் காசுதான். விகிதம் மாறிய தேதியைச் செயலி நினைவில் வைத்து, அதற்கு முந்தைய நாள்களைப் பழைய விகிதத்திலேயே கணக்கிடுகிறதா என்பது சிறிய சோதனை. தோற்கும் செயலிகள் பல.

இனி எல்லாச் சோதனைகளிலும் முதன்மையானது. காட்சி ஒரு தூரம் சொல்லும், கருதல் வேறு சொல்லும், உரை மூன்றாவதாக ஒன்று சொல்லும். அளவை நூலார் இதற்காக நூற்றாண்டுகள் வாதிட்டனர். செயலிக்கு மாதத்தின் ஐந்தாம் தேதி வரைதான் அவகாசம். முன்கூட்டியே தரும் டூர் ப்ரோக்ராமில் முசிறி என்று எழுதிவிட்டு, டாக்டர் ஊரில் இல்லாததால் லால்குடிக்குத் திரும்பியவர் என்ன செய்வது? மோசமான செயலி அந்த நாளையே சிவப்பாக்கி நிராகரிக்கும். ஓரளவு நல்லது காரணம் எழுத 40 எழுத்து இடம் தரும். உண்மையில் நல்லது மூன்று எண்களையும் அருகருகே காட்டி, முடிவெடுக்க வேண்டியவர் பெயரையும் அவர் எடுத்துக்கொண்ட நாள்களையும் சேர்த்தே காட்டும். துல்லியம் ஐந்து மீட்டரா பத்து மீட்டரா என்பது இதற்கு முன் அற்பம். கருத்து வேறுபாட்டைக் கையாளத் தெரியாத செயலியில் ரெப்புகள் இரண்டே மாதத்தில் சார்ட்டுக்குப் பொருந்தும்படி பயணம் செய்யக் கற்றுக்கொள்வார்கள். பிறகு எல்லாப் பில்களும் பச்சையாகிவிடும், எந்த ஊரிலும் விற்பனை மட்டும் நடக்காது.

வரி பற்றி நீட்ட வேண்டியதில்லை. வேலைக்காக உண்மையில் செலவான தொகை வருமானமாகாது. அதற்கு மேற்பட்டது ஆகும். எனவே நாள், ஊர், தூரம் மூன்றும் உள்ள பதிவைச் செயலி தந்தால் போதும். மாலை ஆறு மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் இடம் குறிப்பதை அது நிறுத்துகிறதா என்பதை ஊழியர் தரப்பு பார்க்க வேண்டும். நோக்கம் முடிந்த பின் தகவலை அழிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ரெப் மாமியார் வீட்டுக்குப் போன வழியைச் சேமித்துவைப்பதில் கம்பெனிக்கு எந்த நோக்கமும் இருக்க முடியாது.

எஞ்சியிருப்பது வேலையை விட்டுப் போகிறவரின் கடைசி மாதப் பில். பெரும்பாலான அமைப்புகளில் ராஜினாமா ஏற்கப்பட்ட நாளன்று மாலை லாகின் மூடப்படும். கடைசி மாதத்துக் கிலோமீட்டரை அதே லாகினில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கான பக்கம் அடுத்த மாதம் முதல் தேதிதான் திறக்கும். விலகியவருக்கென்று முப்பது நாள் திறந்திருக்கும் தனி வழியைச் செயலி வைத்திருக்கிறதா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.