காதுக்கும் ஒரு முத்திரை மரக்கால்

வா தம்பி, இப்படித் திண்ணையில குந்து. வண்டிய வேப்பமர நெழல்ல வுடு, உள்ள இருக்கிற போனெல்லாம் சூடாயிடப் போவுது. வில்லியனூர்லேர்ந்து பாகூர் வரைக்கும் ரோடு ரோடா சுத்தி எங்க போன் பேச்சுக்கு மார்க்கு போடுறியாமே? 4.1 வந்துதா? அஞ்சுக்கு 4.1! எங்க வூட்டு ஆயா பாரீசுல இருக்கிற பேரங்கிட்ட நாலு வார்த்த பேச மொட்ட மாடி ஏறி ‘அலோ அலோ’ங்கிறா. நீ தார் ரோட்டுல நின்னுகினு 4.1 போடுற. பலே.

கெழவனுக்கு இன்னா தெரியும்னு சிரிக்காத. டெலிபோன் கம்பம் ஏறி எறங்குன ஒடம்பு இது.

ஆதியில மார்க்கு போட்டது மனுசந்தான். ஜெனீவாவுல இருக்கிற சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட பி.800 விதியப் படிச்சிருக்கியா? சத்தமில்லாத அறையில ஆளுங்கள ஒக்கார வெச்சி, பேச்சப் போட்டுக் காட்டி, மோசம்னா 1, ரொம்ப நல்லாருந்தா 5ன்னு கேட்டு வாங்கி சராசரி எடுப்பாங்க. கேக்க வர்றவன் ஆறு மாசமா எந்தச் சோதனையிலயும் கருத்து சொல்லியிருக்கக் கூடாதாம். காதால கேக்குற சோதனைன்னா ஒரு வருசமா கூடாதாம். ஆறு மாசமா கருத்தே சொல்லாத ஆளு வேணும்னா எங்க டீக்கட பக்கம் மட்டும் தேடாத தம்பி.

பக்கத்துல கீழூருல 1954 அக்டோபர் 18ல 178 பேர் ஓட்டு போட்டாங்க. 170 பேர் புதுச்சேரி இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. ஒரே நாள்ல தீந்துது. ஆனா ஒவ்வொரு டவருக்கும், ஒவ்வொரு புது போனுக்கும் ஆளுங்களக் கூட்டியாந்து ஒக்கார வெக்க முடியுமா? அதான் மெஷினு வந்துது. 2001ல பெஸ்க், 2011ல போல்கா. அனுப்புன பேச்சையும் போய்ச் சேந்த பேச்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி, மனுசங் காதுக்கு எது உறுத்துமோ அதக் கணக்குப் பண்ணி மார்க்கு கொடுக்கும். உம் பொட்டிக்குள்ள இருக்கிறதும் அந்த ஜாதிதான்.

இப்பதான் சூட்சுமம். ஒழுங்கான மைக்கு வெச்சி அறைக்குள்ள பதிஞ்ச குரலு ஒண்ணு. டெலிபோன் வாய்ல பேசுன குரலு வேற ஒண்ணு. ஆம்பள அடிக்குரலு 100 ஹெர்ட்ஸ் சொச்சத்துல அதிருது. பழைய போனு 300க்குக் கீழயும் வுடாது, 3400க்கு மேலயும் வுடாது. அப்படியும் ‘அலோ’ன்ன ஒடனே மாமனாருன்னு கண்டுபுடிச்சி எழுந்து நிக்கற பாரு, வராத அடிக்குரல மூளை தானே போட்டுக்குது. மெஷினுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. பதிஞ்ச குரல அப்படியே உள்ள வுட்டா, போனு தின்ன பங்கையும் சேத்து லைன் மேல பழி போட்டுடும்.

அதுக்குத்தான் ஃபில்டர். சராசரி டெலிபோன் எந்த ஓசைய எவ்வளவு வுடும், எத அமுக்கும்னு அளந்து ஐ.ஆர்.எஸ்.னு பேரு வெச்சி பி.48ல எழுதிட்டாங்க. பதிஞ்ச குரல மொதல்ல அந்த ஃபில்டர்ல வுட்டு, சத்தத்த ஒரே அளவுக்குக் கொண்டாந்து, அப்புறந்தான் லைன்ல அனுப்பணும். டிஜிட்டல் போனு வந்தப்புறம் கொஞ்சம் தளர்த்தி, திருத்துன ஐ.ஆர்.எஸ்.ஸ பி.830ல போட்டாங்க. எல்லாத்தையும் கம்ப்யூட்டர் நிரலா எழுதி ஜி.191ங்கிற தொகுப்புல வெச்சிருக்காங்க. எங்க அப்பன் காலத்துல முத்திர போட்ட மரக்காலு இல்லாம களத்துல நெல்லு அளக்க வுட மாட்டாங்க. இது பேச்சுக்குப் போட்ட முத்திர. டெல்லியில அளந்தாலும் பாகூர்ல அளந்தாலும் ஒரே அளவு.

இதுக்கெல்லாம் முன்னோடி யாருங்கற? 1920கள்லயே பாரீசுல எஸ்.எஃப்.இ.ஆர்.டி.ன்னு ஒரு ஒப்பீட்டுக் கருவிய வெச்சி, ஐரோப்பாவுல எந்த நாட்டு போனா இருந்தாலும் அதோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. அப்ப நம்ம ஊர ஆண்டதும் அதே பாரீசுதான். எங்களுக்கு வரியக் கொண்டாந்தான், அளவ அங்கயே வெச்சிகினான்.

சரி, ஒனக்கு நல்ல மார்க்குதான வேணும்? கேளு. விடியக்காலம் மூணு மணிக்கு அள, ஊரு தூங்கும். பாகூர் ஏரிக்கரையில டவரு கண்ணுக்குத் தெரியற எடமாப் பாத்து வண்டிய நிறுத்து. அறுப்பு மெஷினு ஓடுற நாள்ல வராத. குரலு ஈனசுரமா வந்தாலும் கவலப்படாத, ஒம் பெஸ்க்கு ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் சமமாக்கிட்டுத்தான் ஒப்பிடும். பாரீசுப் பேரன் ‘ஆங்’கறதுக்குள்ள ஆயா அடுத்த கேள்வி கேட்டு ரெண்டு பேரும் மோதிக்கிறாங்களே, அந்தத் தாமதத்துக்கும் அது மார்க்கு கொறைக்காது. எதிரொலிக்கும் கொறைக்காது. இதெல்லாம் நான் கட்டுனது இல்ல, பெஸ்க்கோட விதியிலயே ஒளிக்காம எழுதியிருக்கான். படிக்கிறவந்தான் இல்ல.

இன்னும் சொகமா வேலைய முடிக்கணுமா? அதுக்கும் வழி இருந்துது. 2009ல தொலைத்தொடர்பு ஆணையம் ட்ராய் போட்ட விதி, நூத்துக்கு 95 இணைப்புல குரலு நல்லாருக்கணும்னுது. நல்லாருக்குன்னு எப்படிக் கண்டுபுடிச்சாங்க? சிக்னல்ல எவ்வளவு பிழைன்னு 0லேர்ந்து 7 வரைக்கும் ஒரு கணக்கு. குரலக் கேக்காமயே குரலு நல்லாருக்குன்னு சொல்ற வித்த அது. கணக்கும் அப்ப தமிழ்நாட்டு வட்டத்துக்கே மொத்தமா, நம்ம புதுச்சேரியும் அதுல சேத்தி. சென்னை நல்லாப் பேசுனா பாகூரும் நல்லாப் பேசுனதா ஆயிடும். பேச்சு அறுந்தா ஒரு ரூபா, நாளைக்கு மூணு ரூபா வரைக்கும் தரணும்னு போட்ட ஆணை 2016 சனவரியில அமலுக்கு வந்துது. மே மாசம் 11ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதையும் ரத்து பண்ணிடுச்சி.

ஃபில்டர நான் கொற சொல்லல தம்பி. அது இல்லன்னா ஆளாளுக்கு ஒரு அளவு வெச்சிகினு சண்ட போட்டுகினு இருப்பானுங்க. ஆனா 4.1ன்னு மொட்டையா எழுதாத. ஐ.ஆர்.எஸ்.ஸா, திருத்துனதா, 7000 ஹெர்ட்ஸ் வரைக்கும் வுடுற அகலப் பேச்சா, எந்த மெஷினு, எந்தத் தெரு, எத்தினி மணின்னு மார்க்குக்குப் பக்கத்துலயே எழுது. ரோட்டுல எடுத்ததோட போவாம, பொழுது சாயற நேரத்துக்கு எங்க மொட்ட மாடிக்கும் ஏறி வந்து அளந்துட்டுப் போ.