லாரி முன்னே, ஆள் பின்னே

கேள்வி: தோல் புற்றுநோய் செல்கள் குட்டிக் குட்டிப் பைகளை வெளியே அனுப்புகின்றனவாமே, எதற்கு?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவருக்கு இதைச் சொல்வது சுலபம். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் செல்லும் ஓயாமல் சரக்கு அனுப்புகிறது. கன்டெய்னர்தான் நீங்கள் கேட்ட பை; அளவு 30 முதல் 150 நானோமீட்டர். உள்ளே புரதமும் ஆர்.என்.ஏ.வும். ரத்தத்தில் போவதால் டிராஃபிக் ஜாம் கிடையாது, அதுதான் வம்பு.

1980களில் இந்தப் பைகளைக் கண்டவர்கள், செல் கொட்டும் குப்பை என்றே நினைத்தார்கள். 2012-இல் நியூயார்க்கின் ஆய்வாளர் டேவிட் லைடன் குழு எலிகளில் கண்டது வேறு. பைகள் நுரையீரலின் ரத்தக் குழாய்களைக் கசியவைக்கின்றன; எலும்பு மஜ்ஜை செல்களையும் தம் பக்கம் இழுத்துப் புற்று பரவ வழி செய்கின்றன. 2018-இல் இன்னொரு தில்லுமுல்லு அம்பலமானது: பையின் மேலேயே பிடி-எல்1 என்ற புரதம். அதைத் தொட்ட டி செல் (உடலின் நோய் எதிர்ப்புச் செல்), சோதனை போடாமல் கேட்டைத் திறந்துவிடும் காவலாளி ஆகிவிடுகிறது. (மாமூல் வாங்காமலே!)

சரி, இந்தப் புற்றுக்கு வெயில்தான் காரணம் என்று குடை பிடித்தால் போதாது. நம்மவர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலில், நகத்தடியில். அங்கே கறுப்புப் புள்ளி வளர்ந்தால், செருப்பைத் திட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.