பொருள்: மடிக்கணினி மூச்சு வாங்குதல் – தொடர்பாக

பெறுநர்
கணினிப் பிரிவு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.
(எந்தத் துறை என்று எழுதினால் என் பணிப்பதிவேடு அசையும். ஆகவே எழுதவில்லை.)

பார்வை: எனது புகார்; எனது நினைவூட்டல்; நினைவூட்டலுக்கு நான் அனுப்பிய நினைவூட்டல்; "ரீஸ்டார்ட் செய்து பார்க்கவும், புகார் முடித்து வைக்கப்பட்டது" என்ற தங்கள் பதில்.

ஐயா,

வணக்கம். தங்கள் பதில் கிடைத்தது. ஆனால் அதைத் திறந்து படிக்க ஒரு முற்பகல் போய்விட்டது. புகார் தளத்துக்குள் நுழைய கைபேசிக்கு ஓ.டி.பி. வருகிறது. அதற்கு ஆயுள் பத்து நிமிடம். எண்ணைப் போட வேண்டிய கட்டம் என் திரையில் தோன்றப் பதினோரு நிமிடம். மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்ற புகாரை அந்த மடிக்கணினி வழியாகவே தர வேண்டும் என்று விதி செய்தவர் யாராக இருந்தாலும், புகார்களின் எண்ணிக்கையைக் குறைக்கத் தெரிந்தவர்.

2017-ல் இது என் கைக்கு வந்தபோது துள்ளிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள், அதற்கும் இப்போது பக்குவம் வந்துவிட்டது என்கிறார் எங்கள் கண்காணிப்பாளர் அம்மா.

தங்கள் அறிவுரையை நான் அலட்சியம் செய்யவில்லை. தினமும் மாலை 5.45-க்கு ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் பஸ் பிடிக்கிறேன். அப்படியிருந்தும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், இந்தக் கணினி 41 நாளாக நிற்காமல் ஓடுவதாகக் கணக்குக் காட்டியது. (கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். தங்கள் பிரிவுக்கும் உதவலாம்.) விசாரித்தேன். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்தவற்றை மட்டும் மூடிவிட்டு, தன் உள்நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறது. மறுநாள் நேற்றைய மனத்தாங்கல் எல்லாவற்றோடும் எழுந்திருக்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையிலேயே முதலிலிருந்து தொடங்கும். ஆக, தங்கள் அறிவுரை சரியானதே, ஒப்புக்கொள்கிறேன். செய்தேன். இரண்டு நாள் தேவலையாக இருந்தது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

எங்கள் அலுவலகத்தில் இதற்கு வேறொரு வைத்தியமும் உண்டு: ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். பதிவு எழுத்தர் காலையில் வந்ததும் ஸ்ரீராமஜெயம் எழுதுவதுபோல இருபது தடவை செய்வார். திரையில் இருக்கும் ஐகான்களைத் திரும்ப வரைவதைத் தவிர அதனால் வேறு எதுவும் நடப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு நம்பிக்கைதான் சார்" என்றார். தங்களுக்கு மூன்று கடிதம் எழுதிய நான் அதற்கு மேல் அவரிடம் என்ன வாதாடுவது?

உண்மையான நோய் டாஸ்க் மேனேஜரில் இன்னொரு பத்தியில் இருந்தது. டிஸ்க் என்ற இடம் சிவந்துபோய் 100 சதவீதம் என்று நின்றது. ஆனால் நகர்ந்த தரவு நொடிக்கு ஒன்றரை எம்.பி. தலைக்கு மேல் வேலை, கையில் ஒன்றும் இல்லை. ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ராம் என்பது மேசை. எனக்குக் கொடுத்தது 4 ஜி.பி. ஹார்டு டிஸ்க் என்பது பதிவறை. மேசையில் இடம் போதாவிட்டால் விண்டோஸ் ஒரு கோப்பைப் பதிவறைக்கு அனுப்பிவிட்டு வேறொன்றை வரவழைக்கும். பதிவறைக்காரர் சுறுசுறுப்பானவராக இருந்தால் பிரச்சினை இல்லை. என் பதிவறையில் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. அந்தத் தட்டின் மேல் ஒரு சின்னக் கை இங்கும் அங்கும் நகர்ந்து, வேண்டிய துண்டு சுற்றிவரும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். கோப்பு ஆயிரம் துண்டாகச் சிதறிக் கிடந்தால் ஆயிரம் தடவை அலைச்சல். அதுவரை செயலி 6 சதவீத வேலையோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல முடியாது, கோப்பு வரவில்லை.

இந்தப் பதிவறைக்குத் தணிக்கை வேறு. தங்கள் பிரிவு போட்ட ஆன்டிவைரஸ் ஒன்று. அதற்கு முன்பு விற்பனையாளர் போட்டு, சந்தா தீர்ந்தும் போக மறுக்கும் ஆன்டிவைரஸ் இன்னொன்று. நான் ஒரு கோப்பைத் தொட்டால் இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு அதைப் புரட்டுகின்றன. முழுச் சோதனைக்குத் தாங்கள் குறித்திருக்கும் நேரம் திங்கட்கிழமை காலை 11 மணி. குறைதீர்க்கும் நாள் கூட்டம் வாசல் வரை நிற்கிற நேரம் அதுதான். கணினி திறந்ததும் தாமாக எழுந்து உட்காரும் புரோகிராம்கள் பதினேழு. அதில் ஒன்று, 2019-லேயே வேறு அலுவலகத்துக்கு இடமாறுதலாகிப் போன பிரின்டருக்கானது. அதை நிறுத்தப் பார்த்தேன். நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்றது. நிர்வாகி தாங்கள்தான்.

வேறு வழியில்லாமல் பஜாரில் கணினி பழுது பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். காற்றுப் போகும் சந்தில் புளோயரை வைத்து ஊதினார். பஞ்சு மெத்தைபோல் தூசி வந்தது. கோப்புக் கட்டின் மேல் வைத்து வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். அது என் தவறுதான். அடியில் காற்று அடைத்தால் சூடு ஏறும். கருகிவிடாமல் இருக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். பிறகு மடிக்கணினியில் காதை வைத்துக் கேட்டார். கட், கட் என்று ஒரு சத்தம். "சார், முதல்ல பேக்கப் எடுத்துருங்க. ஃபார்மேட் எல்லாம் போட்டு நேரத்த வீணாக்காதீங்க. ஹார்டு டிஸ்க்க தூக்கிட்டு எஸ்.எஸ்.டி. போட்டா போதும், முடிஞ்சா ராமும் ஒரு 4 ஜி.பி. சேர்த்துக்கங்க" என்றார். எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, அலையும் கையும் இல்லை. நோயைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

இந்த நிலையில்தான் தங்கள் சுற்றறிக்கை வந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14.10.2025-உடன் முடிந்துவிட்டதால் எல்லாரும் விண்டோஸ் 11-க்கு மாறி, அதன் விவரத்தை மூன்று நாளில் அறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் செயலி என்றால், சில நீங்கலாக, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது ஏழாம் தலைமுறை. மாற முடியாது என்பதைத் தெரிவிக்கத் தங்கள் படிவத்தில் இடமில்லை. 'மாறிவிட்டேன்', 'மாறிக்கொண்டிருக்கிறேன்' என்ற இரண்டு கட்டங்கள்தான். இரண்டாவதில் டிக் போட்டிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1995-ல் வந்த விண்டோஸ் 95, குறைந்தபட்சம் 4 எம்.பி. ராம் கேட்டது. 2021-ல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. ஆயிரம் மடங்குக்கும் மேல். அன்றும் நான் தட்டச்சு செய்தது கடிதம், இன்றும் கடிதம். பாஸ்கல் மொழியை உருவாக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாவுஸ் விர்த் அதே 1995-ல், வன்பொருள் வேகமாவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மெதுவாகிக்கொண்டே போகிறது என்று சுட்டிக்காட்டிக் கட்டுரை எழுதினார். அவருக்கும் யாராவது ரீஸ்டார்ட் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

புது மடிக்கணினி கேட்டு ஒப்பந்தப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு என்று தங்களை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் அது வராது என்பது நம் இருவருக்கும் தெரியும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டேன். மேசை இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புகளுக்குப் பக்கத்தில், பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மடிக்கணினியின் அடிப்புறத்தில் 'பிரிக்கக் கூடாது' என்று தங்கள் பிரிவு ஒட்டிய சீல் ஒன்று இருக்கிறது. அதன் கீழே எட்டு ஸ்க்ரூ. சீலைப் பிரித்துக்கொள்ள ஒரே ஒரு வரியில் எழுத்துப்பூர்வமான அனுமதி தர வேண்டுகிறேன்.

அனுமதி உண்டோ இல்லையோ, பதிலைத் தபாலில் அனுப்பவும். ஓ.டி.பி. வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவியாளர், 'பி' பிரிவு